யாரென்று கேட்காத பம்புக்காரர்

பம்புக்காரரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். "இது யார் செய்த வேலை?" என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால், காது கேளாதவர் மாதிரி ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். இரண்டாவது தடவை கேட்டால் குடிக்கத் தண்ணீர் கேட்பார். மூன்றாவது தடவையும் கேட்டால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். கழற்றிப் போட்ட பம்பு போட்ட இடத்திலேயே கிடக்கும்.

எனக்கோ அந்த ஒரு கேள்விதான் வாயில் முதலில் வரும். வீட்டில் தம்ளர் விழுந்து சத்தம் கேட்டால் "என்ன ஆச்சு?" என்று நான் கேட்டதே இல்லை. "எவ அவ?" என்றுதான் கேட்பேன். என் வீட்டுக்காரர் ஆர்டர் பிடிக்க மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் அலைந்துகொண்டிருப்பார். அல்லிநகரத்தில் எங்கள் பட்டறையை நடத்தியது நான்தான். நூற்பாலைகளுக்கு உதிரி பாகங்கள் செய்துகொடுக்கும் பட்டறை, ஒன்பது ஆட்கள். ஒன்பது பேருக்கும் என் வாயைக் கண்டால் நடுக்கம். நான் படியேறும்போதே உள்ளே ரேடியோ நின்றுவிடும். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு இருந்தது, சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவருக்குப் பெயர் உண்டு. ஆனால் கம்பத்திலிருந்து ஆண்டிபட்டி வரை யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. பம்புக்காரர் என்றால் போதும். கிணற்று மோட்டார், ஆயில் எஞ்சின், ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கும் பம்பு, பஸ்ஸின் டீசல் பம்பு என்று எது இழுக்காமல் நின்றாலும் அவருக்குத்தான் ஆள் போகும். குட்டையான உருவம். மடித்துக் கட்டிய வேட்டி. சைக்கிள் கேரியரில் உரச் சாக்கில் தைத்த ஒரு பை. மற்றவர்கள் பேனா வைக்கும் சட்டைப் பையில் அவர் ஒரு கோணி ஊசி வைத்திருப்பார். பம்பில் பாதிக் கோளாறு அடைப்புத்தான், அதற்கு ஊசி போதும் என்பார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஆனாலும் "தாயி" என்றுதான் கூப்பிடுவார்.

பெரியகுளத்தில் ஒரு மாந்தோப்பில் நடந்ததை, அங்கே காவலுக்கு இருந்தவரே எனக்குச் சொன்னார். கிணற்று மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. தோப்புக்காரர் காவல்காரரை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டு நிற்கிறார். பம்புக்காரர் கிணற்றில் இறங்கி, குழாயின் அடி வால்வில் சிக்கியிருந்ததை உருவியிருக்கிறார். அகலமாகச் சிவப்புக் கரை போட்ட ஒரு துண்டு. அந்த ஊரில் அப்படித் துண்டு போடுகிறவர் ஒரே ஆள்தான், மேலே நின்று ஏசிக்கொண்டிருந்த அந்தத் தோப்புக்காரர். குளிக்க வந்தவர் கிணற்றுக்குள் நழுவவிட்டிருப்பார். பம்புக்காரர் துண்டைத் தண்ணீருக்குள்ளேயே சுருட்டி, இடுப்பில் செருகிக்கொண்டு மேலே வந்திருக்கிறார்.

"என்னய்யா அடைச்சிருந்துச்சு?"

"குப்பைங்க."

"எவன் போட்டான்?"

"தண்ணி வருதான்னு பாருங்க."

காவல்காரர் கூடவே இறங்கியிருந்ததால் பார்த்துவிட்டார். இல்லாவிட்டால் அதுவும் வெளியே வந்திருக்காது. மனிதர் அந்தத் துண்டைப் பிறகு கிழித்து, எண்ணெய் துடைக்கும் துணியாக வைத்துக்கொண்டார். எங்கள் பட்டறையில் அதன் கரையை நானே பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் கேட்டால் மகான் என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் துளைபோடும் மிஷினில் ஒருத்தன் இரண்டு தடவை மோட்டாரைக் கருக்கிவிட்டான். பழுது பார்த்த பம்புக்காரருக்கு அவன் யார் என்று நன்றாகத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது தடவையும் கருகியது. அன்றைக்கு அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க மொதல்லயே சொல்லியிருந்தா இந்த மோட்டார் பொழைச்சிருக்கும்ல?"

"பொழைச்சிருக்கும் தாயி."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"எனக்கு என்ன நடந்துச்சுன்னு வேணும் தாயி. அப்பத்தான் கோளாறு எங்கனன்னு புடிபடும். இன்னாருன்னு தேட ஆரம்பிச்சா அம்புட்டுப் பேரும் வாயை மூடிக்கிருவாக. நான் அப்பறம் இருட்டுல துழாவணும்."

சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார். என் பதிலுக்கு அவர் காத்திருக்கவே இல்லை. அந்த மோட்டார் விஷயத்தில் இன்றைக்கும் எனக்கு அவர்மேல் வருத்தம்தான்.

அவர் மனைவியிடம் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் இதைச் சொல்லிப் புலம்பினேன். அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பாட்டைக் கேளுங்க. பால் பொங்கி அடுப்பே அணைஞ்சு கெடந்தாலும், யாரு பாக்காம விட்டதுன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டாக. அவுகபாட்டுக்குத் துணிய எடுத்துத் தொடைச்சுட்டுப் போயிருவாக. கல்யாணம் ஆன நாளா எனக்கு ஒரு நல்ல சண்டை கெடைக்கல!" என்றார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

எண்பதுகளின் கடைசியில் எங்களுக்குக் கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு சிஎன்சி மிஷின் வந்தது. புதிது இல்லை. எங்கேயோ வெளிநாட்டில் ஓடி, பிறகு கோயம்புத்தூரில் ஓடி, களைத்துப்போய் எங்களிடம் வந்த மில்லிங் மிஷின். ஆனாலும் எண்களைத் தட்டிவிட்டால் தானாக இரும்பைச் செதுக்குவதைப் பார்க்க, முதல் வாரம் பஜாரே திரண்டு வந்தது. அதை ஓட்டுவதற்கென்று கோயம்புத்தூரில் பழகிவந்தவன் சாமுவேல். போடிக்காரன், இருபத்தெட்டு வயது, மனைவி முழுகாமல் இருந்தாள். அதிகம் பேச மாட்டான். நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாமுவேல் மிஷினைப் பளிங்கு மாதிரி துடைத்து வைத்தான். மிஷினின் பக்கவாட்டில் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஓர் எண்ணெய்த் தொட்டி உண்டு. அதன் கீழே சின்னதாக ஒரு பம்பு. சில நிமிஷத்துக்கு ஒருமுறை அது மிஷினின் சறுக்குப் பாதைகளுக்குத் தானாக எண்ணெய் அனுப்பும். பூஜையில் எதுவும் குறையாக இருக்கக் கூடாது என்று நான் சொன்னதால், தொட்டியைக் கழுத்துவரை நிரப்பினான். மறுநாள் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து, பூஜை முடியும்வரை வாசலில் நின்றான். அவன் சர்ச்சுக்குப் போகிறவன், அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிறகு உள்ளே வந்து எல்லோரோடும் உட்கார்ந்து பொரிகடலை சாப்பிட்டான்.

பூஜை முடிந்து, மாலையை எடுத்து, பொட்டையெல்லாம் துடைத்துவிட்டு மிஷினை ஓட்டினால், அரை மணி நேரத்தில் சிவப்பு விளக்கு. எண்ணெய் போகவில்லை என்று மிஷின் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. சாமுவேல் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தான். எண்ணெய் இருந்தது. மூடிவிட்டு ஓட்டினான், ஓடியது. அரை மணி நேரத்தில் மறுபடி சிவப்பு விளக்கு. வடிகட்டியைக் கழுவினோம். குழாயை மாற்றினோம். கோயம்புத்தூரிலிருந்து ஓர் ஆள் வந்து, பம்பே போய்விட்டது, வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும், இரண்டு மாசம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கோ தீபாவளிக்குள் ஒரு நூற்பாலைக்குச் சரக்கு அனுப்பியாக வேண்டும். தவறினால் அந்த ஆலை இனி எங்கள் பக்கம் திரும்பாது.

மூன்றாவது நாள் என் கோபம் தலைக்கேறிவிட்டது. தொட்டியில் கடைசியாகக் கை வைத்தவன் யார்? சாமுவேல். எண்ணெய் ஊற்றியவன் யார்? சாமுவேல். "என்ன எண்ணெய்டா ஊத்துன?" என்று கேட்டேன். "எப்பவும் ஊத்துறதுதான்க்கா" என்றான். "பொய் சொல்லாத!" என்று கத்தினேன். அப்போது லேத் மிஷினில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர், "பூஜைக்கு உள்ள வராதவுக கைபட்டா மிஷினுக்கே பொறுக்கல போல" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். என் காதில் விழுந்தது. அது தப்பான பேச்சு என்று தெரியும். கண்டிக்காமல் இருந்துவிட்டேன். அதற்கு மேலே ஒரு படி போய், "நாளையிலிருந்து நீ வர வேண்டாம்" என்று சாமுவேலிடம் சொன்னேன். அவன் கைதுடைக்கும் துணியை மடித்து மிஷின்மேல் வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் பம்புக்காரருக்கு ஆள் அனுப்பினேன். அவர் வாழ்நாளில் இப்படி ஒரு மிஷினைப் பார்த்ததில்லை.

"கம்ப்யூட்டர் சோலியெல்லாம் எனக்கு ஆகாது தாயி. பம்பு எங்கன இருக்கு? அத மட்டும் காட்டுங்க."

காட்டினேன். குந்தி உட்கார்ந்து பார்த்தார். தொட்டியை விரலால் தடவிக்கொடுத்தார். அப்புறம், "இத ஓட்டுறவுக எங்க?" என்றார்.

"அவன நிப்பாட்டியாச்சு. எல்லாம் அவன் செஞ்ச கூத்துத்தான்."

பம்புக்காரர் எழுந்தார். "அப்ப நான் எதிர்த்தாப்புல டீக்கடைல இருக்கேன். அவுக வந்ததும் கூப்புடுங்க."

"அவன் எதுக்கு? நான் சொல்றேன், கேளுங்க."

"நீங்க சத்தத்தைக் கேட்டிருக்க மாட்டீக தாயி."

போய்விட்டார். எதிரே டீக்கடையில் தெரிந்த அவர் முதுகைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தேன். கிழவனுக்கு என்ன திமிர் என்று வாய்விட்டே திட்டினேன். அவர் இரண்டாவது டீ வாங்கினார். வேறு வழியில்லை. போடிக்கு ஆள் அனுப்பினேன். சாமுவேல் வந்து சேர மத்தியானமாகிவிட்டது. அதுவரை அந்த மனிதர் பெஞ்சைவிட்டு அசையவில்லை.

சாமுவேல் என்னைப் பார்க்காமல் உள்ளே வந்தான். பம்புக்காரர் அவனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"தம்பி, வெளக்கு எரியறதுக்கு முந்தி பம்பு எப்படிச் சத்தம் போடும்?"

"மொதல்ல சாதாரணமா இருக்கும்ணே. போகப்போக இழுத்து இழுத்து முக்கும்."

"மூடியத் தொறந்தா?"

"புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும். அப்பறம் நல்லா ஓடும்."

"மூணு நாளும் அப்படித்தானா?"

"ஆமாண்ணே."

"இத ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்று நான் இடையில் புகுந்தேன்.

சாமுவேல் முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தான். "நீங்க அதக் கேக்கலையேக்கா" என்றான்.

சுருக்கென்றது. பம்புக்காரர் அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "தம்பி, இந்தத் தொட்டி வயித்தத் தொட்டுப் பாருங்க, உள்ள ஒட்டிப்போய்க் கெடக்கு" என்றார். பிறகு மூடியைத் திருகினார். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. ஒட்டிக் கிடந்த பிளாஸ்டிக் டப்பென்று நிமிர்ந்தது. தொட்டிக்குள்ளிருந்து எண்ணெய் இறங்க இறங்க, அந்த இடத்துக்கு வெளியிலிருந்து காற்று வர வேண்டும். காற்று வரவில்லை என்றால் பம்பு எவ்வளவு இழுத்தாலும் எண்ணெய் வராது. இது பிறகு அவர் எனக்குச் சொன்னது.

மூடியைப் பல்பு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். மூடியின் நடுவில் கடுகளவு ஓர் ஓட்டை உண்டு, காற்றுக்காக. கட்டைவிரலால் அதைத் தேய்த்தார். விரலை முகர்ந்து பார்த்தார். சாமுவேலைப் பார்த்தார். சாமுவேல் மூடியைப் பார்த்தான். பம்புக்காரர் சட்டைப் பையிலிருந்து கோணி ஊசியை எடுத்து ஒரு குத்துக் குத்திவிட்டு, மூடியை மண்ணெண்ணெய் டின்னுக்குள் போட்டுவிட்டார்.

"என்ன மோந்து பாக்குறீக?" என்றேன்.

"எண்ணெய் கெட்டிருக்கான்னு பாத்தேன் தாயி. எண்ணெய் சுத்தமா இருக்கு. சரியான எண்ணெய்தான் ஊத்தியிருக்கு." பட்டறையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். லேத்தில் நின்ற பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப அடைச்சது என்ன?"

"தூசி."

"பூஜைக்குத் தொடைச்ச மிஷின்ல எங்கிருந்து வந்துச்சு தூசி? எவன் வேலை இது?"

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க தாயி" என்றார்.

நான் மூன்றாவது தடவை கேட்கவில்லை. சைக்கிள் பயம்தான்.

முக்கி முக்கி இழுத்ததில் பம்பின் வாயிலிருந்த வாஷரும் பிய்ந்திருந்தது. கெட்டியான எண்ணெய்க் காகிதத்தைப் பம்பின் விளிம்பில் வைத்து, சின்னச் சுத்தியலால் ஓரமெல்லாம் தட்டித் தட்டியே புது வாஷர் வெட்டி எடுத்தார். சாமுவேல் விளக்குப் பிடித்தான். பூட்டி முடித்து, குழாயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுப் பம்பை ஓட்டச் சொன்னார். நுரை நுரையாகக் காற்று வந்தது. நுரை நின்று, எண்ணெய் மட்டும் தேன் மாதிரி வந்ததும் நட்டை முறுக்கினார். மிஷின் சாயந்தரம்வரை ஓடியது. சிவப்பு விளக்கு எரியவில்லை.

புறப்படும்போது என்னிடம், "தம்பி நாளைக்கும் வரட்டும் தாயி. மிஷின் சத்தம் அவுகளுக்குத்தான் தெரியுது" என்றார். நான் சாமுவேலிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. "சரி, வேலையப் பாரு" என்றேன். அவ்வளவுதான் அன்றைக்கு என் வாயில் வந்தது. சரக்கு தீபாவளிக்கு நாலு நாள் முன்னாலேயே போய்ச் சேர்ந்தது. சாமுவேலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. யார் வேலை, யார் வேலை என்று நான் உள்ளுக்குள் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டுக்கொண்டு ஒரு வருஷத்தை ஓட்டினேன்.

அடுத்த ஆயுத பூஜைக்குப் பம்புக்காரரையும் அழைத்திருந்தேன். வந்தார். வழக்கம்போல நான்தான் சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தேன். லேத்துக்கு மூன்று பொட்டு, துளைபோடும் மிஷினுக்கு மூன்று பொட்டு. சிஎன்சி மிஷினிடம் வந்தேன். முகப்பில் வைத்தேன், கதவில் வைத்தேன். எண்ணெய்த் தொட்டியின் வட்ட மூடி என் கைக்கு வாட்டமாக, நெற்றி மாதிரி இருந்தது. ஒரு விரல் நிறையச் சந்தனம் எடுத்து, அதன் நடுவில் வைக்கப்போனேன்.

பக்கத்தில் நின்றவர் சட்டென்று மூடிமேல் தன் கையைக் கவிழ்த்துவிட்டார். சந்தனம் அவர் புறங்கையில் அப்பிக்கொண்டது.

"இங்கன வேண்டாந் தாயி. கொஞ்சம் தள்ளி வைங்க" என்றார் பம்புக்காரர். மெதுவாகத்தான் சொன்னார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. போன வருஷமும் இந்த இடத்தில் இதே விரலால்தான் வைத்தேன். நல்லா அழுத்தித்தான் வைத்தேன். அவர் அன்றைக்கு முகர்ந்தது எண்ணெயை இல்லை. கைதுடைக்கும் துணியை மடித்து வைத்துவிட்டுப் போன சாமுவேலின் முதுகு கண்முன் வந்தது. லேத்துப் பெரியவர் சொன்னதும், அதைக் கேட்டுக்கொண்டு நான் சும்மா நின்றதும் வந்தன. அடிப்பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

சாமுவேல் போன வருஷம் மாதிரியே வாசலில் நின்றுகொண்டிருந்தான். கிண்ணத்தோடு அவனிடம் போனேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாமுவேலு, அந்த ஓட்டைய அடைச்சது நான்தான்டா."

"தெரியும்க்கா."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. மூடியில சந்தன வாசம் வந்துச்சே."

"அம்புட்டுப் பேச்சு பேசினேனே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவன் உள்ளே நின்ற பம்புக்காரரைப் பார்த்தான். "அவுகதான் வேண்டாம்னு சொன்னாக. அக்கா மனசு சங்கடப்படும்னாக."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பட்டறைக்காரி, ஒன்பது ஆட்களை வாயாலேயே மேய்க்கிறவள், சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் அழுதேன். "நான்தான் தப்புப் பண்ணினேன், நான்தான் இவனைப் போகச் சொன்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பம்புக்காரருக்கு அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. அப்படி அவர் எரிச்சல்பட்டு நான் பார்த்ததே இல்லை. சந்தனம் காய்ந்துகொண்டிருந்த அந்தக் கையை என் பக்கம் நீட்டினார்.

"இப்ப ஆரு தாயி கேட்டா அதையெல்லாம்? பொரியக் குடுங்க."